பதினோரு கிராம் குண்டும் ஐந்து டன் யானையும்

வால்ட்டர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யானையின் தலையை ரம்பம் வைத்து நெடுக்காக இரண்டாய் அறுத்துப் பார்த்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய உகாண்டாவின் கரமோஜா பகுதியில் தந்தத்துக்காக வேட்டையாடித் திரிந்தார். அறுத்த தலைக்குள் அவர் தேடியது மூளை இருக்கும் இடத்தை. வெளியிலிருந்து பார்த்தால், அந்தப் பெரிய நெற்றிக்குப் பின்னாலேயே மூளை இருக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் தலையின் பெரும்பகுதி மெல்லிய எலும்புச் சுவர்களுக்கு இடையே காற்றறைகள் நிறைந்த வெற்றிடம்தான். ஐந்து கிலோ அளவுள்ள மூளை வெகு பின்னால், தாழ்வாக, இரண்டு காதுத் துளைகளுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது.

யானை எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும், தலையைத் தூக்கினாலும் தாழ்த்தினாலும், அந்த இடத்துக்கு மனத்துக்குள் கோடு போடப் பழகினார் பெல். அதன் பிறகு அவர் கையில் எடுத்த துப்பாக்கியைப் பார்த்து அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் சிரித்திருப்பார்கள். லண்டன் ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். குண்டின் விட்டம் 7 மில்லிமீட்டர் சொச்சம், எடை 11 கிராம். இதையும் இதுபோன்ற வேறு சில சிறிய ரைஃபிள்களையும் வைத்து அவர் சாய்த்த யானைகள் 1,011. இந்த எண்ணிக்கையை வாசிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. அதைச் சொல்லாமல் தாண்டிப்போய் அறிவியலை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கேள்வி கேள்விதான்: இவ்வளவு சின்ன குண்டு இவ்வளவு பெரிய விலங்கை எப்படி வீழ்த்தியது?

பெல்லின் குண்டு குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 700 மீட்டர் வேகத்தில் புறப்படும். அதன் இயக்க ஆற்றல் 2,700 ஜூல் அளவு. இன்று இங்கிலாந்தில் பெரிய மான் ஒன்றைச் சுடுவதற்கே சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல் 2,305 ஜூல்.

சினிமாவில் குண்டு பட்டவர் பத்தடி தள்ளிப் போய் விழுவார். பார்த்துப் பார்த்து நமக்கும் குண்டு என்றால் அடித்துத் தள்ளும் பொருள் என்றே பதிந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. தள்ளும் திறன் என்பது உந்தம். எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்தின் உந்தம் 6 அலகு என்றால், பெல்லின் குண்டுக்கு 8 அலகுகூட இல்லை. யானை வேட்டைக்கென்றே செய்யப்பட்ட .470 இரட்டைக்குழல் துப்பாக்கியின் 32 கிராம் குண்டுக்கு 21. அதை ஐந்து டன் யானை அப்படியே வாங்கிக்கொண்டால், யானை பின்னால் நகரும் வேகம் நொடிக்கு 4 மில்லிமீட்டர். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே 21 அலகு சுட்டவரின் தோளிலும் இறங்குகிறது. வெடித்த வாயு வெளியேறுவதால் வரும் உதை அதற்கு மேல். குண்டு யானையைத் தூக்கி எறியும் என்றால், சுட்டவர் ஊர் எல்லைக்கு வெளியே கிடக்க வேண்டும்.

ஆகவே வீழ்த்துவது தள்ளல் அல்ல, துளை. அது எங்கே போய்ச் சேருகிறது, எவ்வளவு ஆழம் போகிறது, எவ்வளவு அகலம் கிழிக்கிறது என்பதுதான் விஷயம். மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட்டால் விலங்கு நின்ற இடத்திலேயே சரியும். இதயத்திலோ நுரையீரலிலோ பட்டால் சாவு நிச்சயம், ஆனால் உடனே அல்ல. இரத்த அழுத்தம் விழுந்து மூளை செயலிழக்கும்வரை, ஏற்கெனவே அங்கிருக்கும் ஆக்சிஜனை வைத்துப் பத்துப் பதினைந்து நொடி ஓடலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காட்டெருமைக்கு அந்தப் பத்து நொடி நூறு மீட்டருக்கு மேல். வேட்டைக்காரர் முப்பது மீட்டரில் நிற்கிறார் என்றால் மீதியை நீங்களே கணக்கிடலாம். துப்பாக்கித் தேர்வு பற்றிய நூறு ஆண்டு வாய்ச்சண்டைகளில் பாதி இந்தப் பத்து நொடியைப் பற்றியதுதான்.

பெல்லுக்கு முந்தைய தலைமுறைக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர்களிடம் இருந்தது கரிமருந்து. அது எரியும் விதத்துக்குக் குண்டின் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. வேகம் ஏறாவிட்டால் எடையை ஏற்று என்று போனார்கள். அன்றைய குழல் அளவே அப்படித்தான் எண்ணப்பட்டது: ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வார்க்கலாம் என்பதே எண். 12 போர் என்றால் பன்னிரண்டு உருண்டை. 4 போர் என்றால் நான்கே நான்கு. அதில் ஓர் உருண்டை 113 கிராம், குறுக்களவு இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல்.

இலங்கையின் மலைக்காடுகள் அந்தத் தலைமுறையின் பயிற்சிக்கூடம். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ராஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் கொன்றவர் என்பார்கள். 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரிடம் பிரிஸ்டலில் கிப்ஸ் செய்து கொடுத்த துப்பாக்கி ஒன்று இருந்தது. எடை ஒன்பதரை கிலோ. நான்கு அவுன்ஸ் குண்டு, ஒவ்வொரு தடவையும் 28 கிராம் மருந்து. பிற்பாடு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது அரைப் பவுண்டு வெடிகுண்டு சுடும் இன்னொன்றைக் கொண்டுபோனார். ‘பேபி’ என்று செல்லப்பெயர். அதைச் சுடவே பயமாக இருக்கும் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார், அவரோ ஆள் வாட்டசாட்டமானவர்.

1870-களில் தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் அலைந்த பிரெடரிக் செலூஸ் இன்னும் தெளிவான சாட்சி. குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற மலிவான 4 போர் துப்பாக்கிகளோடு மூன்று பருவங்களில் 78 யானைகளைச் சுட்டார். ஒருமுறை வெடிக்காமல் போன துப்பாக்கியில், ஏற்கெனவே கெட்டித்தது தெரியாமல் உதவியாள் மறுபடி மருந்து கெட்டித்துவிட்டான். அடுத்து விசையை அழுத்தியபோது அது செலூஸைத் தூக்கி எறிந்தது. அந்த ஒரு நாள் காயத்தைவிட, அந்தத் துப்பாக்கிகள் தன் நரம்புகளையே கெடுத்துவிட்டன, பிற்காலத்தில் தன் குறிபார்க்கும் திறனே அதனால் பாதிக்கப்பட்டது என்பதுதான் அவருடைய பெரிய வருத்தம். விசையை அழுத்தும் கணத்தில், வரப்போகும் உதையை நினைத்து உடல் தானாகக் குறுகும், கண் மூடும். மூளையின் இந்தத் தற்காப்பைப் புத்திமதி சொல்லி அடக்க முடியாது. நூறு மீட்டரில் ஒரு சாண் விலக அந்தச் சிறு குறுக்கம் போதும்.

இவ்வளவு சிரமப்பட்டும், இந்த உருண்டைகள் ஆழமாகப் போயினவா என்றால் பெரிதாக இல்லை. இங்கேதான் இந்த விஷயத்தின் மையமான எண் வருகிறது. குண்டின் குறுக்குப் பரப்பில், ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பின்னால் எத்தனை கிராம் எடை நிற்கிறது? சதையும் எலும்பும் குண்டின் முகப்பைத் தடுக்கின்றன. பின்னால் நிற்கும் எடை அதை முன்னே தள்ளுகிறது. 4 போர் ஈய உருண்டைக்கு இந்த எண் 20 கிராம். பெல்லின் நீளமான, ஒல்லியான குண்டுக்கு 27. பத்தில் ஒரு பங்கு எடைதான். ஆனால் முகப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் கூடுதல் எடை பின்னால் நிற்கிறது. வேகமும் பெரும் வித்தியாசம். ஈய உருண்டை எலும்பில் மோதி நசுங்கும். பெல்லின் குண்டோ கெட்டியான உலோக உறை போட்டது, உருக்குலையாது.

இதைச் சாத்தியமாக்கியவர் ஒரு பிரெஞ்சு வேதியியலாளர். 1884-இல் பால் வியேல் நைட்ரோசெல்லுலோஸிலிருந்து புகையில்லா மருந்தைச் செய்தார். கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதுதான் புகையும் கரியும். சுட்டவுடன் முன்னால் வெண்புகை எழும்பி நிற்க, அதற்குப் பின்னாலிருந்து யானை வருகிறதா போகிறதா என்று தெரியாமல் ஓடிய வேட்டைக்காரர்கள் பலர். புதிய மருந்து அநேகமாக முழுவதும் வாயுவாகிவிடும். குழலுக்குள் அழுத்தம் கூடியது, குண்டின் வேகம் கூடியது, குழலின் அகலம் குறைந்தது. சில ஆண்டுகளில் பிரிட்டன் தன் பங்குக்குக் கார்டைட் என்ற புகையில்லா மருந்தைக் கண்டது. 1898-இல் ரிக்பி அதை வைத்து .450 நைட்ரோ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்ததும் அரைப் பவுண்டு பூதங்கள் பரணுக்குப் போயின.

இந்த .450-க்கு நேர்ந்ததும் சொல்லவேண்டிய கதை. இந்தியாவில் அப்போது பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் ஏராளம். அவற்றுக்கும் இதே .450 குண்டு பொருந்திவிடும், கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில், 1907-ஐ ஒட்டி அந்த அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை போட்டது ஆங்கில அரசு. லண்டன் கம்பெனிகளுக்கு இந்தியச் சந்தையை விட மனமில்லை. ஆளுக்கொரு புது அளவைக் கண்டுபிடித்தார்கள்: .465, .470, .475 என்று வரிசையாய். துப்பாக்கிக் கடைப் பட்டியலில் ஒரு மயிரிழை வித்தியாசத்தில் இத்தனை எண்கள் ஏன் என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் விடை. விலங்கின் உடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை; ஒரு சுங்க உத்தரவின் எச்சம்.

அந்த வரிசையில் மிஞ்சிப் புகழ்பெற்ற .470-க்கு நம் கிராம் கணக்கைப் போட்டால் 28 வருகிறது. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் வெளியிட்ட .375 மேக்னத்தின் 19 கிராம் குண்டுக்கு 27. பெல்லின் .275-க்கும் 27. ஆற்றலில் .470 ஏறக்குறைய 7,000 ஜூல், .375 அதைவிடக் கொஞ்சம் குறைவு, .275 பாதிக்கும் கீழே. ஆனால் மூன்றும் ஆழம் போவதில் சமானம். ஆற்றலைப் பார்த்து வாங்கினால் ஏமாறலாம் என்பது இதனால்தான். வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் எண் அது; இலேசான குண்டை அதிவேகத்தில் விட்டால் விளம்பரத்தில் ஆற்றல் பிரமாதமாகத் தெரியும், யானையின் எலும்புக்குள் அது சில அங்குலத்திலேயே நின்றுபோகும்.

எதிர்த்திசையிலும் ஒரு மயக்கம் உண்டு. ஆப்பிரிக்காவில் வேட்டையாடி வாழ்ந்த அயர்லாந்துக்காரர் ஜான் டெய்லர் 1948-இல் வெளியிட்ட நூலில் ஒரு சூத்திரம் தந்தார்: எடை, வேகம், விட்டம் மூன்றையும் ஆங்கில அலகுகளில் எடுத்துப் பெருக்கி 7,000-ஆல் வகு. அதன்படி பெல்லின் ரைஃபிளுக்கு 16, .470-க்கு 73, .600-க்கு 150-க்கும் மேல். எண்கள் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் டெய்லர் அளக்க நினைத்தது மூளையை நூலிழையில் தவறவிட்ட குண்டு யானையை மயக்கிச் சாய்க்குமா என்பதை மட்டும். இன்று இணையத்தில் மானுக்கும் பன்றிக்கும் இந்தச் சூத்திரத்தைப் போட்டு மல்லுக்கட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

குண்டின் முனையும் பேசவேண்டிய விஷயம். பெல் பயன்படுத்தியது மழுங்கிய உருண்டை முனை கொண்ட பழைய ராணுவக் குண்டு. கூர்முனைக் குண்டு காற்றைக் கிழித்துத் தூரம் போகும். ஆனால் அதன் எடைமையம் பின்னால் இருப்பதால் சதைக்குள் நுழைந்ததும் தடுமாறிக் குறுக்கே புரண்டுவிடும். மழுங்கிய முனையும் நேர்ப் பக்கங்களும் உள்ள நீளக்குண்டு போட்ட கோட்டிலேயே போகும். இன்றைய யானைக் குண்டுகளில் முனையையே தட்டையாக வெட்டிவிடுகிறார்கள். தட்டை முகப்பு சதையின் நீர்மத்தைப் பக்கவாட்டில் விசிறியடிக்க, குண்டின் உடலைச் சுற்றி ஒரு கணம் வெற்றிடக் குழி உண்டாகிறது. பக்கங்களைத் தொட ஏதுமில்லாததால் குண்டு புரளாது.

புலி, சிறுத்தை, மான் என்றால் வேண்டியது நேர் எதிரானது. தோல் மெல்லிது, உடல் அகலம் குறைவு. கெட்டிக் குண்டு ஊசிபோல் மறுபக்கம் போய்விடும். விலங்கு ஓடி, எங்கோ புதரில் நாள்கணக்கில் கிடந்து சாகும். அதற்குத்தான் முனையில் ஈயம் தெரியும் மென்முனைக் குண்டு. உள்ளே போனதும் விரிந்து அகலமாகும், துளையும் அகலமாகும். நொடிக்கு 600 மீட்டருக்கு மேல் வேகம் இருந்தால் சுற்றியுள்ள திசு ஒரு கணம் உப்பிக் கிழியவும் செய்யும். இந்த வகைக் குண்டைப் படைக்கென்று 1890-களில் தயாரித்த இடம் கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதசாலை. மனிதர்மேல் சுடுவது கொடூரம் என்று 1899 ஹேக் மாநாடு இதைப் போரில் விலக்கிவைத்தது. வேட்டையில் நிலைமை தலைகீழ். இங்கிலாந்தில் மானை விரியும் குண்டால்தான் சுடவேண்டும் என்பதே சட்டம். போர்க்களத்தில் காயம்பட்டவன் பிழைக்கட்டும் என்பது நோக்கம், காட்டில் காயத்தோடு எதுவும் பிழைத்து அலையக் கூடாது என்பது நோக்கம்.

ஈயத்துக்கே இப்போது எதிர்ப்பு. விரியும் குண்டு உடலுக்குள் பொடிப்பொடியாகச் சிதறுவதால், வேட்டைக்காரர் விட்டுப்போன குடலைத் தின்னும் கழுகுகள் ஈய நஞ்சேறிச் சாகின்றன. காண்டார் கழுகைக் காப்பாற்றப் போராடிய கலிபோர்னியா 2019 முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றாக விலக்கிவிட்டது. இனிச் செம்பு. அடர்த்தி குறைவு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது. நீளமான குண்டை நிலைகுலையாமல் சுழற்றக் குழலின் உள்வரிகள் இன்னும் நெருக்கமாக முறுக்கப்பட வேண்டும். பழைய ரைஃபிள்கள் சிலவற்றுக்கு இது ஒத்துவராது.

இந்தியக் காடுகளில் சுற்றிய இருவரின் தேர்வுகளை வைத்து இந்தக் கணக்கைச் சரிபார்க்கலாம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி முதலிய காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிப் போனபோது கையில் இருந்தது .405 வின்செஸ்டர். ஆப்பிரிக்கப் பயணத்தில் தியோடர் ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கென்று மெச்சியதும் இதுவே. அதன் குண்டு .375-இன் அதே 19 கிராம். ஆனால் அகலம் அதிகம். சதுர சென்டிமீட்டருக்கு 23 கிராம்கூட இல்லை. காண்டாமிருகத்துக்குப் போதாது. புலிக்குத் தாராளம், பெரிய துளை, தேவைக்கு மிஞ்சாத ஆழம். கீழே ஒரு நெம்புகோலைத் தட்டினால் அடுத்த தோட்டா ஏறிவிடும், அது இருட்டில் பெரிய ஆறுதல்.

ஜிம் கார்பெட்டிடம் சிறிது, பெரிது என இரண்டு வகையும் இருந்தன. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் பெயர் பொறித்த தகட்டோடு பரிசளித்த ரைஃபிள், பெல் வைத்திருந்த அதே .275 ரிக்பி. ருத்ரப்பிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தை 1926-இல் விழுந்தது இதற்குத்தான். மலைச்சரிவில் நாள் முழுக்கச் சுமக்க இலேசு, குறி துல்லியம். புதருக்குள் புலியோடு நேருக்கு நேர் என்றால் அவர் எடுத்தது .450/400 இரட்டைக்குழல். இரண்டு குழல், இரண்டு விசை. தோட்டா ஏற்றும் நேரமே இல்லாமல் இரண்டாவது குண்டு. 1938-இல் தாக் கிராமத்தில் மாலை மங்கும் நேரம், பாறை ஒன்றில் கால்விரல்களால் பற்றிக்கொண்டு அவர் சுட்டபோது துப்பாக்கியின் உதை அவரை அப்படியே பின்னால் தள்ளியது. பாறைக்குக் கீழே ஒண்டியிருந்த ஆட்கள்மேலும் ஆட்டின்மேலும் போய் விழுந்தார். புலி செத்தது. அவர் அப்போது அறுபதைத் தாண்டியவர்.

பெல்லை மட்டும் பார்த்துவிட்டுச் சின்ன ரைஃபிளே போதும் என்று கிளம்புவது, புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. அவர் சுட்டது பெரும்பாலும் திறந்த வெளியில், துப்பாக்கியை அதிகம் அறியாத மந்தைகளை, தானே தேர்ந்தெடுத்த கணத்தில். சின்னத் தோட்டாவின் சத்தம் மந்தையை அதிகம் கலைக்காததும் அவருக்குச் சாதகம். தோட்டா இல்லாத துப்பாக்கியைக் குறிவைத்து விசையை அழுத்தி அழுத்திப் பழகும் பிடிவாதமும் இருந்தது. அடர்ந்த புதரில், காயம்பட்ட காட்டெருமை இருபது மீட்டரில் எழுந்தால் கோணம் தேட நேரம் கிடையாது. அப்போது துல்லியத்தில் வரும் குறையைத் துளையின் அகலம் ஓரளவு ஈடுகட்டும். பெரிய குழலின் நியாயம் அவ்வளவுதான்.

ஆப்பிரிக்காவில் வேட்டை அனுமதிக்கப்பட்ட பல நாடுகள் யானை, காட்டெருமைக்கு .375-ஐக் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கின்றன. பெல் இன்று வந்தால் அவருடைய .275 செல்லாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் .375 நல்ல இடைநிலை. ஆழத்தில் .470-க்குச் சமம், உதையோ பெரும்பாலோர் பழகித் தாங்கக்கூடிய அளவு. ஒரே துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் தொழில்முறை வேட்டைக்காரர்கள் பலர் கைகாட்டுவது நூறு வயது தாண்டிய இந்தத் தோட்டாவைத்தான்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தத் தேர்வுகள் எல்லாம் முடிந்தன. இன்று யானையை நோக்கித் துப்பாக்கி தூக்குகிறவர் வனத்துறையின் கால்நடை மருத்துவர். 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்தது அப்படித்தான். மருத்துவரின் கணக்கு பெல்லின் கணக்குக்கு நேர்மாறு: மயக்க ஊசி தடித்த தோலைத் தாண்டித் தசைக்குள் போகவேண்டும், ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டும். எலும்பை எட்டினால் ஆபத்து, தோலோடு நின்றால் மருந்து வீண். அதனால் அந்தத் துப்பாக்கியில் காலிபரைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை. முதலில் தூரத்தை லேசரால் அளக்கிறார்கள்; அந்தத் தூரத்துக்கு ஏற்ப வாயு அழுத்தத்தைத் திருகிக் குறைத்தோ கூட்டியோ வைத்துக்கொண்டு, தொடையைப் பார்த்துச் சுடுகிறார்கள்.